சாமான் வந்தாச்சு, கம்பி வரலையே!

அன்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று காகிதமும் பேனாவுமாகக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, இந்த அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் என்று சொன்னேன் பாருங்கள், அதில் ஒரு சின்னத் திருத்தம். இந்த வாரம் புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் ஒருத்தரும் இந்த நிகழ்ச்சியைப் பார்க்க மாட்டார்கள். ஏன் என்றால் அவர்கள் வீட்டுக்கு இன்னும் கேபிள்காரர் வரவில்லை. (சிரிப்பு)

வீடு மாறும்போது பெரும்பாடு சாமானை மாற்றுவதா, இணைப்பை மாற்றுவதா என்பது தலைப்பு. எதிரணித் தலைவி அம்மா, பீரோக் கண்ணாடி உடைந்ததையும், கிரைண்டர் கல் லாரிக்காரர் காலில் விழுந்ததையும் சொல்லிச் சொல்லி நம்மை எல்லாம் கலங்க வைத்துவிட்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அம்மா, ஒன்று கேட்கிறேன். அந்தக் கண்ணாடியை மாற்ற எத்தனை நாள் ஆச்சு? மறுநாள் கடைக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார் என்று நீங்களே சொன்னீர்கள். சரி, உங்கள் வீட்டு இன்டர்நெட் எப்போது வந்தது? அதை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே! (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். தமிழிலிருந்து ஒரு சாட்சியைக் கூப்பிடாமல் என்னால் பேச முடியாது. சிலப்பதிகாரத்தில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. புகாரை விட்டு மதுரைக்குப் போகிறார்கள் கோவலனும் கண்ணகியும். கையில் என்ன சாமான்? சிலம்பு. அவ்வளவுதான். லாரி கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது, பீரோ கிடையாது. மதுரையில் மாதரி என்கிற ஆய்ச்சி இடம் கொடுத்து, புதுப் பாத்திரமும் காய்கறியும் கொடுக்கிறாள். கண்ணகி சமைத்தும் போட்டுவிட்டாள். ஆக சாமான் இல்லாத குறை ஒரே நாளில் தீர்ந்தது. அப்புறம் எதனால் அந்தக் குடும்பம் கெட்டது? அந்தப் பெரிய ஊரில், "இவன் புகார் நகரத்து வணிகன், இது இவன் மனைவி சிலம்பு" என்று ஓடிப் போய் அரண்மனையில் சொல்ல ஒரு ஆள் இல்லை. கணவனுக்கு என்ன ஆச்சு என்று மனைவிக்குத் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சாமானுக்குக் குறைவில்லை நடுவர் அவர்களே, இணைப்புத்தான் இல்லை! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒருவர், "அந்தக் காலத்துல இந்தத் தொல்லையே இல்லையே, ஆன்டெனாவைக் கழட்டினோம், கொண்டு போய் மாட்டினோம்" என்றார். உண்மைதான். எங்கள் மதுரைப் பக்கம் மொட்டை மாடியில் ஒருத்தர் நின்று ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்புவார். கீழேயிருந்து இன்னொருத்தர், "தெரியுது, தெரியுது... போச்சு!" என்று கத்துவார். (சிரிப்பு) காற்றில் வந்ததை நாம் பிடித்துக்கொண்டோம். அதற்குத் தெருக்காரரிடம் அனுமதி வேண்டியதில்லை.

1991 வளைகுடாப் போருக்குப் பிறகுதான் நம் ஊர்த் தெருக்களில் தட்டு வைத்துக் கம்பி இழுக்கிற பழக்கம் பரவியது. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. 1995-ல் கேபிளுக்கென்று மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. அதே 1995, ஆகஸ்டு 15 அன்றைக்குத்தான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைக் கொடுத்தது. அதுவும் பெரிய நகரங்களுக்கு. டெலிபோன் கம்பியிலே கீச்சு கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வரும். அதில் ஒரு படம் இறங்குவதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். இன்றைக்கு வீடே அதை நம்பி நடக்கிறது. 2023-ல் மத்திய அரசு என்ன சொல்லிவிட்டது தெரியுமா? வினாடிக்கு 2 மெகாபிட் கூட வராவிட்டால் அதற்கு பிராட்பேண்ட் என்ற பெயரே கிடையாது என்று சொல்லிவிட்டது.

இதிலே என்ன கூத்து என்றால், நம்ம கைபேசி எண் நம்மோடு வரும். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளவும் வழி வந்துவிட்டது. சிம் அட்டை நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால் கேபிளும் இன்டர்நெட்டும் நம்மோடு வராது. அது தெருவுக்குச் சொந்தம். அந்தத் தெருவில் எந்த ஆபரேட்டர் கம்பி இழுத்திருக்கிறாரோ அவர்தான் நமக்கு ஆபரேட்டர். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி நாலு இடம் விசாரிக்க முடியாது. (சிரிப்பு) செட் டாப் பாக்ஸ் இருக்கிறதே, அது அதைவிட மோசம். ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக் கம்பியில் வேலை செய்யாது. பாசமாகத் தூக்கிக்கொண்டு போனால் டி.வி. மேல் வைத்து பூ போடத்தான் ஆகும்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு தை மாதம், கல்லூரி மாறுதலில் மதுரை திருநகரிலிருந்து சென்னைக்கு, தாம்பரத்தையும் தாண்டி ஒரு அடுக்குமாடிக்குக் குடிபோனோம். தை மாதம் என்பதைக் கவனியுங்கள். மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. தை பிறந்தால் ஊரே மாறுகிறது. அந்த மாதம் லாரிக்காரருக்கும் கிராக்கி, லைன்மேனுக்கும் கிராக்கி. ஆடி முடிந்து ஆவணியிலும் இதே கதைதான்.

வீடு பார்க்கும்போது என் மனைவி தண்ணீர் கேட்டாள், சமையலறைத் திசை கேட்டாள். நான் தரகரிடம், "இன்டர்நெட் உண்டா, கேபிள் உண்டா?" என்று தெளிவாகக் கேட்டேன். தரகர் சன்னலைத் திறந்து கையை நீட்டினார். "அந்தத் தூணைப் பாருங்க சார். எத்தனை கம்பி போகுது!" என்றார். போகுதுதான். தெருவோடு போகுது. எங்கள் கட்டடத்துக்குள் வரவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

கட்டடம் கட்டியவர் ஒரே ஒரு கம்பெனியை மட்டும் உள்ளே விட்டிருந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். போன் போட்டால் ஒரு பெண் பிள்ளை தேன் மாதிரிப் பேசும். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டுள்ளது சார்." மறுநாள் போட்டால் அதே தேன். மூன்றாம் நாள் ஒரு தம்பி கூப்பிட்டு, "கிளம்பிட்டேன் சார், அஞ்சு நிமிஷம்" என்றான். அந்த அஞ்சு நிமிஷம் பதினோராம் நாள் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் முடிந்தது.

இந்தப் பதினோரு நாளில் என்ன ஆச்சு? என் மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு, கணினித் திரையிலே. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு. பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள். பின்னால் யார் வீட்டுப் போர்வையோ காய்கிறது. "அது என்ன உங்கள் அலுவலகமா?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். (சிரிப்பு) வேலை கிடைத்துவிட்டது, அதனால் இப்போது சிரிக்கிறோம்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தாயார் எங்களோடு இருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயது. மதுரையை விட்டு வெளியே குடியிருந்ததே கிடையாது. திருநகர் வீட்டில் திண்ணை இருந்தது. கீரைக்காரம்மா வருவார், பக்கத்து வீட்டு மருமகள் வந்து மாமியாரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். இங்கே மூன்றாம் மாடி. எதிர்க் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. அம்மாவுக்கு மிச்சம் இருந்த பழைய ஊர் அந்த டி.வி. ஒன்றுதான். அதுவும் கறுப்பாகக் கிடந்தது. அதன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போனால், "ஏய்யா, அந்தப் பையன் இன்னைக்கு வருவானா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். கோபப்பட மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவர்களுக்குத் தலைசுற்றல். என் மனைவி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்க்கிறாள், ராத்திரி மாத்திரை நாலு அப்படியே இருக்கிறது. "ஏன் அத்தை போடலை?" என்று கேட்டால், அம்மா சொல்கிறார்கள்: "எட்டு மணி நாடகம் ஆரம்பிச்சதும் போடுவேன். நாடகந்தான் வரலையேம்மா." கடிகாரத்தில் முள் சரியாகத் தெரியாது அவர்களுக்கு. நாடகத்தின் பாட்டு காதில் விழுந்தால் மாத்திரை. அதுதான் அவர்கள் கடிகாரம். நடுவர் அவர்களே, லாரியில் எங்கள் கடிகாரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் அம்மாவின் கடிகாரம் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. (நீண்ட கைதட்டல்)

எதிரணி அம்மா பேசும்போது லைன்மேன்களை ஒரு பிடி பிடித்தார்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ராத்திரி வந்த தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். அன்றைக்கு மட்டும் பதினான்கு வீடு அவன் பட்டியலில். சாப்பிட்டாயா என்று கேட்டால் சிரிக்கிறான். தூணில் ஏறி, மாடிக்கு மாடி கம்பி இறக்கி, எங்கள் வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று போட்ட சண்டையையும் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தான். முடித்துவிட்டுப் போயிருக்கலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, எந்தச் சேனலு பார்ப்பீங்க?" என்று கேட்டான். மதுரையில் அம்மாவுக்கு எண் எல்லாம் தெரியாது. மூணாவது வரிசையில் நடுப் பித்தானை ரெண்டு தடவை அமுக்கினால் நாடகம். இங்கே ஆபரேட்டர் வேறு, எண் வேறு. அவன் அம்மாவின் சேனல்களை எல்லாம் தேடிப் பிடித்து, ரிமோட்டில் ஒரே பித்தானில் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தான். ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டியது மேலே இருக்கிறவர்கள். ஏணியில் நிற்கிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

இப்போது வீட்டில் இருக்கிற தாய்மார்கள், "சரி சார், நாங்க என்ன செய்யறது?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். அதே மாடியில் குடியிருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். "உங்க வீட்டுல எந்தக் கம்பெனி? மழை பெஞ்சா நிக்குதா? ரிப்பேருன்னா எத்தனை நாள்ல வர்றாங்க?" இந்த மூன்று கேள்வி போதும். எந்த விளம்பரமும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும். அப்படியே புது வீட்டில் ஒரு அறிமுகமும் ஆச்சு.

லாரிக்குச் சொல்கிற அன்றைக்கே இணைப்புக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரரின் சம்மதத்தையும் சாவி வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். பழைய கம்பெனியே புது இடத்திலும் இருந்தால் இடமாற்றம் கேட்கலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டியவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும். வீடு மாறப் போகிறோம் என்று தெரிந்தால் மாதக் கட்டணமே நல்லது. மலிவு என்று வருஷத்துக்குக் கட்டிவிட்டு வீட்டைக் காலி செய்தவர்களின் கதையைக் கேட்டால் தனிப் பட்டிமன்றம் வைக்கலாம்.

பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். அரசு கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. பெட்டி இலவசம் என்றதும் நம்ம சொத்து என்று நினைத்துவிட்டோம். அது கழகத்தின் உடைமை. வீடு மாறினால் ஆபரேட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். பரண் மேலே போட்டுவிட்டு வந்தால் நாளைக்கு நம்மைத் தேடி வருவார்கள்.

"இந்தத் தொல்லையே வேண்டாம், நான் மொட்டை மாடியில் தட்டு வைத்துக்கொள்கிறேன்" என்பீர்கள். நல்லது. தட்டு நம்மோடு வரும். ஆனால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது? பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நம்ம ஊருக்கு அது தெற்குப் பக்கம். ஆகவே தெற்கு வானம் தெரிகிற இடம் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும் உள்ள வீட்டில் தட்டைச் சாப்பாட்டுக்குத்தான் வைத்துக்கொள்ளலாம். (சிரிப்பு) பலத்த மழை வந்தால் படம் நிற்கும் என்பதும் உண்டு.

இன்டர்நெட்டில் இப்போது வருவது செம்புக் கம்பி இல்லை, கண்ணாடி இழை. தலைமுடி கனம். அதற்குள்ளே ஒளி ஓடுகிறது. அறுந்தால் முறுக்கி டேப் சுற்ற முடியாது, தனிக் கருவி வேண்டும். பீரோவுக்குப் பின்னால் மடக்கி நசுக்கினாலும் போச்சு. சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டியில் லாஸ் என்று எழுதி, சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதற்கு என்ன விரிவோ, நமக்கு லாஸ்தான்! (சிரிப்பு) புகார் சொல்லும்போது, "நெட்டு வரலை" என்று சொல்லாதீர்கள். "சிவப்பு விளக்கு எரியுது" என்று சொல்லுங்கள். கம்பியில் பழுது என்று அவர்களுக்கு அந்த நிமிஷமே தெரியும்.

பழைய டெலிபோன் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்டு போனாலும் போன் பேசலாம். கண்ணாடியில் மின்சாரம் வராது. கரண்டு போனால் பெட்டி அணைந்துவிடும், இன்டர்நெட்டும் இல்லை, அதோடு சேர்ந்த டெலிபோனும் இல்லை. வயசானவர்கள் இருக்கிற வீட்டில் அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது ஒரு சின்ன பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். 100 எம்.பி.பி.எஸ். என்று விளம்பரம் பார்த்துவிட்டு, "நூறு எம்.பி. வரலையே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது பிட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். பன்னிரண்டரைதான் வரும். சேர் என்று சொல்லிப் படியில் அளக்கிற கதை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் இன்டர்நெட் வசதி எப்படி என்று பார்த்து, அதற்கு நட்சத்திரக் குறியீடு கொடுக்க 2024 அக்டோபரில் டிராய் விதிமுறை கொண்டு வந்திருக்கிறது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் மாதிரி. கட்டியவர் ஒரே ஒரு கம்பெனிக்குக் கதவைத் திறந்துவிட்டு மற்றவர்களுக்குச் சாத்துகிற வழக்கம் இனியாவது வெளியே தெரியட்டும். வீடு வாங்குகிறவர்கள், "நீச்சல் குளம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? எத்தனை கம்பெனிக் கம்பி உள்ளே வருகிறது என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எதிரணித் தம்பி, "பத்து நாள் டி.வி. இல்லாம இருந்தா குடும்பம் உட்கார்ந்து பேசும் சார், அது நல்லதுதானே?" என்று ஒரு போடு போட்டார், கைதட்டலும் வாங்கினார். தம்பி, பேசினோம். பதினோரு நாளும் பேசினோம். "அவன் எப்ப வருவான்?" இது ஒன்றைத்தான் பேசினோம். (சிரிப்பு, கைதட்டல்) அதுவும் யார் பேசினோம்? எனக்குக் கல்லூரி இருக்கிறது. மனைவிக்கு அலுவலகம் இருக்கிறது. மகளுக்கு மொட்டை மாடி இருக்கிறது. பகல் பூராவும் வீட்டில் இருந்தது அம்மா ஒருத்தர்தான். டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்று நாம் சொல்வது யாருக்கு? பேச ஆள் இருக்கிறவர்களுக்கு.

பெட்டி கட்டுகிறபோது எல்லோர் பெயரையும் எழுதிக் கட்டுகிறோம். இது பிள்ளை புத்தகம், இது சமையல் சாமான், இது சாமி படம் என்று. அதோடு வீட்டுப் பெரியவர்கள் என்ன சேனல் பார்க்கிறார்கள், எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அந்த லைன்மேன் தம்பி வருகிற அன்றைக்கு அவன் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இப்போது டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. என் மகள்தான் எழுதி ஒட்டினாள். எட்டு மணி நாடகத்துக்கு எதிரே மாத்திரை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். நாடகம் முடிந்து வேறு நாடகம் வந்தால், பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுகிறாள். மூன்று பெயர் அடித்தாச்சு.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அய்யா, நீங்கள் இந்த மேடைக்கு வருமுன் என்னிடம் தனியாகச் சொன்னீர்கள், அடுத்த மாதம் நீங்களும் வீடு மாறப் போவதாக. லாரி சொல்லிவிட்டேன் என்றீர்கள். கேபிளுக்குச் சொன்னீர்களா? (நடுவர் சிரிக்கிறார், பலத்த கைதட்டல்) தீர்ப்பை யோசித்துச் சொல்லுங்கள்.